அடுத்த வெள்ளிக்கு என்ன படம்?

“ஏனுங்க, வெள்ளிக்கிழமைக்கு என்ன படம் போடறாங்க?”

காரமடையில் இந்தக் கேள்விக்குச் செவ்வாய்க்கிழமையே பதில் கிடைப்பது கஷ்டம். கைப்பேசியில் டிக்கெட் செயலியைத் திறந்தால் கோவை மால்களில் எந்தத் திரையில் எத்தனை மணிக்கு எந்தப் படம், எந்த வரிசையில் எந்த நாற்காலி காலி என்பது வரைக்கும் தெரிந்துவிடும். மேட்டுப்பாளையம் சாலையோரத்து ஒற்றைத் திரையரங்குகளின் பக்கத்தைத் திறந்தால் அடுத்த வாரம் வெறுமையாகக் கிடக்கும். தியேட்டருக்கே போன் போட்டால், “பேசிட்டு இருக்கறாங்க, நாளன்னிக்குக் கூப்புடுங்க” என்பார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கே தெரியாது.

சொந்தக் கட்டடம், சொந்தத் திரை, சொந்த புரொஜெக்டர், சொந்த நாற்காலி, சொந்த பாப்கார்ன் மெஷின். எல்லாம் சொந்தம். அதில் என்ன படம் ஓட வேண்டும் என்பதை மட்டும் வேறு ஊரில் உட்கார்ந்து வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். சிற்றூர்த் தியேட்டர்கள் ஏன் படுத்துவிட்டன என்று எழுதுகிறவர்கள் ஏசி சரியில்லை, சீட் கிழிந்திருக்கிறது, ஓடிடி வந்துவிட்டது, டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று வரிசையாகக் காரணம் சொல்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என் கணக்கில் முதல் காரணம் இதுதான்: அடுத்த வாரம் என்ன என்று தன் ஊர்க்காரருக்குச் சொல்ல முடியாத தியேட்டரை ஊர் எத்தனை நாளைக்குத் தன்னுடையதாக நினைக்கும்?

இந்த ‘பேச்சு’ எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். சினிமா வியாபாரத்துக்கு அரசாங்கத்தின் மாவட்ட வரைபடம் செல்லாது. சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சை, சேலம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று அதற்குத் தனி ‘ஏரியா’க்கள் உண்டு. கோவை ஏரியா என்றால் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி எல்லாம் சேர்ந்தது. படத்தை ஏரியா கணக்கில் எடுக்கும் விநியோகஸ்தர் அங்கேயுள்ள தியேட்டர்களுக்குப் பிரித்துத் தருவார். பெரிய நடிகர் படம் என்றால் எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இன்ன தொகை கொடுத்தாக வேண்டும். அடுத்த ரகம் அட்வான்ஸ். அதற்கும் கீழே வெறும் ஷேர்; முதல் வாரம் இத்தனை சதவீதம், அடுத்த வாரம் இத்தனை.

பேசி முடித்து எடுத்த படம் சனிக்கிழமையே படுத்துவிட்டால் என்ன செய்வது? எட்டுத் திரை வைத்திருக்கும் மால்காரர் அதைச் சின்னத் திரைக்குத் தள்ளிவிட்டு, ஓடுகிற படத்தைப் பெரிய திரைக்கு மாற்றிக்கொள்வார். ஒரே திரை வைத்திருப்பவர் எங்கே தள்ளுவார்? காலி நாற்காலிகளுக்கு நாலு காட்சி ஓட்டிக்கொண்டே, திங்கட்கிழமை காலையில் வேறு படத்துக்குப் பேச்சைத் தொடங்குவார்.

போதாக்குறைக்கு வெளியீட்டுத் தேதியே கடைசி நேரத்தில் மாறும். 2025 பொங்கலுக்கு ‘விடாமுயற்சி’ வருகிறது என்று தமிழ்நாடே காத்திருந்தது. வராது என்ற அறிவிப்பு புத்தாண்டுக்கு முந்தைய இரவுதான் வந்தது. பொங்கலுக்கு என்ன போடுவது என்று தியேட்டர்கள் முழித்த அந்தப் பத்து நாளில்தான் ஈரோட்டுக்காரர் சுந்தர் சி. எடுத்து, 12 வருஷமாகப் பெட்டியிலேயே கிடந்த ‘மதகஜராஜா’ ஜனவரி 12-ல் வெளியே வந்து கல்லா கட்டியது. வியாபாரம் தெரிந்த எல்லோரும் சேர்ந்து திட்டமிட்ட படம் வரவில்லை. எல்லோரும் மறந்துபோன படம் வந்து காப்பாற்றியது. சினிமாவில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பிலிம் பெட்டிக் காலத்தில் நிலைமை வேறு. சிற்றூர்கள் அப்போது ‘சி சென்டர்’. படம் முதலில் கோவைக்கு வரும். அங்கே ஓடி முடித்த பிரிண்ட் மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, உடுமலை மாதிரி ஊர்களுக்கு இறங்கும். அதற்கும் பிறகுதான் கீற்றுக் கொட்டகைகளுக்கு. கைமாறிக் கைமாறி வந்து சேரும்போது திரையில் மழை பெய்யும், பாட்டு பாதியில் அறுந்திருக்கும், சண்டைக் காட்சியில் நாலு அடி காணாமல் போயிருக்கும். ஆனால் இதில் பெரிய சௌகரியம் ஒன்று இருந்தது. கோவையில் இப்போது ஓடுவதுதான் நமக்கு அடுத்து வரப்போவது. மில்லுக்கும் மார்க்கெட்டுக்கும் கோவை போய் வந்தவர்கள் கதையை, காமெடியை, எந்த இடத்தில் விசில் பறந்தது என்பதை எல்லாம் சுமந்துகொண்டு வந்து ஊரில் இறக்கிவிடுவார்கள். கொட்டகைக்காரருக்கும் படம் தேறுமா தேறாதா என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்து வாங்குவார். தோற்ற படத்தை அவர் தலையில் யாரும் கட்ட முடியாது.

இன்றைக்குச் சென்னையிலும் கோவையிலும் மேட்டுப்பாளையத்திலும் ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே ஒன்பது மணிக்குப் படம் வருகிறது. பட்டணத்துக்கும் பட்டிக்காட்டுக்கும் வித்தியாசம் போய்விட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் படத்தைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாத நேரத்தில் எம்.ஜி. பேச வேண்டியிருக்கிறது. தெரிந்து வாங்கிக்கொண்டிருந்தவர் இப்போது குருட்டாம்போக்கில் வாங்குகிறார்.

பெட்டி போய் கீ வந்தது

அப்போது வியாழக்கிழமை ராத்திரி கொட்டகை வாசலில் கேட்கும் கேள்வி, “பொட்டி வந்துருச்சா?” தகரப் பெட்டி. உள்ளே 14, 16 ரீல். ஒரு ரீல் ஆயிரம் அடி. சுமார் 11 நிமிஷம் ஓடும். கொட்டகையில் ஒரே புரொஜெக்டர் என்றால் ரீல் மாற்றுவதற்கு இடையிடையே விளக்கைப் போடுவார்கள். முறுக்குக்காரருக்கு அதுதான் வியாபார நேரம்.

இப்போது ஆப்பரேட்டர் அறையில் கார்பன் விளக்கின் புகை இல்லை. படம் ஹார்ட் டிஸ்க்கிலோ சாட்டிலைட் வழியாகவோ முன்கூட்டியே சர்வருக்கு வந்து இறங்கிவிடும். ஆனால் பூட்டியிருக்கும். அதைத் திறக்க ஒரு ‘கீ’ தனியாக மெயிலில் வரும். அந்தக் கீ குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட மணியிலிருந்து குறிப்பிட்ட மணி வரைக்கும் மட்டுமே செல்லும். ஒன்பது மணிக்கு முதல் காட்சி என்றால் எட்டரைக்கு ஆப்பரேட்டர் ஒரு கண்ணை சர்வரிலும் இன்னொரு கண்ணைக் கைப்பேசியிலும் வைத்திருப்பார். கணக்கு வழக்கில் ஏதாவது பாக்கி, சென்னையில் தயாரிப்பாளருக்கும் பைனான்சியருக்கும் ஏதாவது தகராறு என்றால் கீ வராது. வாசலில் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும், உள்ளே படம் முழுசாக வந்து உட்கார்ந்திருக்கும், தொட முடியாது.

இந்த டிஜிட்டல் சேவைக்கான கட்டணத்தை யார் கட்டுவது என்ற சண்டையில்தான் 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை தமிழில் ஒரு புதுப்படம்கூட வெளியாகவில்லை. அதற்கு முந்தைய வருஷம், 2017 ஜூலையில், ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சி கேளிக்கை வரியும் சேர்ந்து தலையில் விழுந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நாலு நாள் கதவைச் சாத்தின. இரண்டு முறையும் ஒற்றைத் திரைக்காரருக்குத்தான் அடி.

போஸ்டர் ஒட்டுபவரை மறந்துவிடக் கூடாது. மைதா மாவைக் காய்ச்சிக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்த பசை வாளி, நீளக் கைப்பிடி பிரஷ், சைக்கிள் கேரியரில் மடித்த போஸ்டர் கட்டு. வெறும் மைதா என்றால் பூச்சி அரிக்கும், மாடு நக்கியே போஸ்டரைத் தின்றுவிடும், துத்தம் அதற்குத்தான். ஆறு ஷீட் போஸ்டரில் நடிகரின் முகத்தைக் கோணாமல் சேர்த்து ஒட்டுவது ஒரு வித்தை. ஒட்டி முடித்ததும் அடியில் தியேட்டர் பெயரும் ‘தினசரி 4 காட்சிகள்’ என்ற வரியும் அச்சிட்ட துண்டை ஒட்டுவார். அந்தத் துண்டுதான் இந்த ஊருக்கான சேதி. மேலே இருப்பதெல்லாம் சென்னை அனுப்பியது. இப்போது போஸ்டர் வேலையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எடுத்துக்கொண்டது. அதில் அந்தத் துண்டு வருவதில்லை.

முதல் ஆள் இந்த ஊர்க்காரர்

தியேட்டர்காரர் தன் படத்தைத் தானே தேர்ந்தெடுப்பது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் மாதிரி பேசுகிறவர்களுக்குக் கோவையின் சொந்தக் கதையை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் மாதம் 25 ரூபாய் சம்பளத்தில் வரைவாளராக இருந்தார். துபோன் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே படம் காட்டிக்கொண்டிருந்தார். உடம்புக்கு முடியாமல் அவர் ஊர் திரும்ப நினைத்தபோது, புரொஜெக்டரையும் கையிலிருந்த படச்சுருள்களையும் வின்சென்ட் சுமார் 2,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். அவருடைய 80 மாதச் சம்பளம் அது. வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். தமிழ்நாடு, கேரளம் தாண்டி லாகூர், பெஷாவர் வரைக்கும், கடல் கடந்து பர்மா வரைக்கும் போனார். 1914-ல் கோவையில் நிரந்தரக் கட்டடமாக வெரைட்டி ஹாலை எழுப்பினார். தென்னிந்தியாவின் ஆரம்ப காலத் திரையரங்குகளில் ஒன்று அது. பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறியது. தெருவுக்கு வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கட்டடத்தைவிட இன்னொன்று. படச்சுருள் அவர் கையில் இருந்தது. மதுரைக்கு எதை எடுத்துப்போவது, ரங்கூனுக்கு எதை எடுத்துப்போவது, ஏசுவின் வாழ்க்கையை எந்த ஊரில் காட்டுவது, வேடிக்கைத் துண்டுகளை எந்த ஊரில் காட்டுவது என்று அவரே யோசித்து முடிவு செய்தார். நாளைக்கு என்ன படம் என்று கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிற்காலக் கோவையிலும் அதே மாதிரி முன்கூட்டியே பதில் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களிடம் தியேட்டர் இல்லை. ‘கோணங்கள்’ திரைப்படக் கழகத்தைச் சொல்கிறேன். மனித உரிமைச் செயல்பாட்டாளர் பொன். சந்திரன் போன்றவர்கள் முன்னின்று நடத்திய இந்தக் கழகம், முதலில் கணபதியில் அஸ்வின் மருத்துவமனை அரங்கத்திலும் பிறகு திருச்சி ரோடு பக்கம் பெர்க்ஸ் பள்ளியின் மினி தியேட்டரிலும் ஞாயிறு மாலை 5.45 மணிக்கு உலகப் படங்களைத் திரையிட்டு வந்தது. குரோசவாவையும் கியரோஸ்தமியையும் கோவையின் ஒரு தலைமுறை அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துதான் பார்த்தது. அடுத்த வாரப் படம் இன்னது, இயக்குநர் இன்னார், அவரைப் பற்றி இத்தனை பத்தி என்று முன்னதாகவே மின்னஞ்சல் வந்துவிடும். மருத்துவமனை அரங்கத்திலும் பள்ளிக்கூட அறையிலும் படம் காட்டியவர்களுக்கு அடுத்த வாரம் என்ன என்று தெரிந்திருந்தது. கோடி ரூபாய் போட்டுத் தியேட்டர் கட்டியவருக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் இந்தக் கழகங்களுக்கு நீண்ட மரபு உண்டு. 1947-ல் சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாவில் தொடங்கினார்கள்; 1959-ல் அகில இந்தியக் கூட்டமைப்பு வந்தபோது ராய்தான் தலைவர். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஜான் ஆபிரகாமின் ‘ஒடேசா’ குழு, சாப்ளினின் ‘தி கிட்’ படத்தை ஊர் ஊராகக் காட்டி ஜனங்களிடம் பணம் சேர்த்து, 1986-ல் ‘அம்ம அறியான்’ எடுத்தது. அந்த ஆபிரகாம்தான் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தவர்.

ஆனால் காரமடையிலிருந்து பார்த்தால் கோணங்களும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கிளம்பி, மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் திருச்சி ரோடு போக வேண்டியிருந்தது. படம் முடிந்து பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் வீட்டு நினைப்பு வந்துவிடும். சப்டைட்டில் இங்கிலீஷில். கறிவேப்பிலைக் காட்டில் நாள் முழுக்க வேலை செய்தவர் 30 கிலோமீட்டர் போய் இங்கிலீஷ் படித்துக்கொண்டு பாரசீகப் படம் பார்க்கவில்லை என்றால் அவருக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ரசனை பற்றிய பேச்சே எனக்கு அலுப்பு. ‘பி, சி சென்டர்ல இதெல்லாம் ஓடாதுங்க’ என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளத்திலேயே வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் என்று வியாபார வட்டாரமே சொன்னது. எந்த விநியோகஸ்தரும் இதை முன்கூட்டிக் கணித்ததாக நான் கேள்விப்படவில்லை. அதே வருஷம் ஏப்ரல் 20-ல், 2004-ல் வந்த ‘கில்லி’யை மறுபடி போட்டார்கள், படம் வந்தபோது பிறக்காத பிள்ளைகள் எழுந்து நின்று ஆடினார்கள். 2012-ல் டிஜிட்டலாக்கிய ‘கர்ணன்’ வந்து நூறு நாளைத் தாண்டியது. மலையாளப் படமும் பழைய படமும் ‘வாய்ப்பில்லை’ கணக்கில் இருந்தவைதான். வேறு படம் இல்லாததால் போட்டார்கள், ஓடின.

கூட்டம் தூரத்துக்கும் அஞ்சாது என்பதற்கு இன்னொரு கோவைச் சாட்சி. 2023 ஜனவரியில் ‘துணிவு’ நள்ளிரவுக் காட்சியின் போது சென்னையில் ஒரு ரசிகர் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதன் பிறகு அதிகாலைக் காட்சிக்கு அரசு அனுமதி தரவில்லை. காலை ஒன்பது மணிக்குத்தான் தொடக்கம். அந்த அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது கேரளத்தில் விடியற்காலை நாலு மணிக்கே காட்சி. கோவைப் பிள்ளைகள் பைக்கை எடுத்துக்கொண்டு வாளையார் தாண்டிப் பாலக்காட்டில் படம் பார்த்துவிட்டு, இங்கே முதல் காட்சி தொடங்குவதற்குள் திரும்பிவந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணி நேரம் முன்னதாகப் பார்ப்பதற்காக மாநிலம் தாண்டுகிறவர்கள் இருக்கும் ஊர் இது. படம் பார்க்கும் ஆசைக்குப் பஞ்சமில்லை.

தட்டியை என்னிடம் கொடுத்தால்

வெள்ளியும் சனியும் ஞாயிறும் ரஜினிக்கும் விஜய்க்கும் அஜித்துக்கும் இருக்கட்டும். தியேட்டர்காரர் பிழைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முதல் ஆட்டம், ஆறரை மணிக் காட்சி, எப்படியும் காலியாகத்தான் கிடக்கிறது. வாரத்துக்கு அந்த ஒரே காட்சியை மட்டும் தியேட்டர் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும். வாசலில் அடுத்த மாதத்து நாலு செவ்வாய்க்கும் என்ன படம் என்று இப்போதே தட்டி கட்டிவிடலாம். என்னிடம் கேட்டால் இப்படிக் கட்டுவேன்.

முதலில் ‘மலைக்கள்ளன்’. 1954. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தது. கதை நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவல், வசனம் மு. கருணாநிதி, நடிப்பு எம்.ஜி.ஆர்., பானுமதி. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். நாயுடு இதையே தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என்று மொழி மொழியாக எடுத்துத் தள்ளினார்; இந்தியில் ‘ஆசாத்’, கதாநாயகன் திலீப் குமார். ‘பான் இந்தியா’ என்று இப்போது மார்தட்டுகிறார்களே, சினிமாவை அன்றைக்கே ஐந்து மொழியில் விற்றவர்கள் கோவையில் இருந்தார்கள். எழுபது வயது தாண்டிய அப்புச்சிகளும் அம்மிச்சிகளும் இந்த ஒரு காட்சிக்கு வருவார்கள் என்று நான் பந்தயம் கட்டத் தயார். படியேற ஒரு கைப்பிடி மட்டும் போட்டுவையுங்கள்.

இரண்டாவது ‘நசீர்’. கோவைக்காரர் அருண் கார்த்திக் கோவைத் தெருக்களிலேயே எடுத்த படம். ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளரின் ஒரு நாள். தண்ணீர் பிடிப்பது, மனைவியை பஸ் ஏற்றிவிடுவது, கடையைத் திறந்து பொம்மைக்குப் புடவை கட்டுவது, மத்தியானச் சோறு, நடுநடுவே ஒலிபெருக்கியில் யாரோ பேசும் பேச்சு. அவ்வளவுதான் படம், கடைசியில் அந்தப் பேச்சு என்னவாகிறது என்பதைத் திரையில் பாருங்கள். 2020-ல் ராட்டர்டாம் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போய் நெட்பேக் விருது வாங்கியது. கதையின் மூலம் திலீப்குமார் எழுதிய ‘ஒரு குமாஸ்தாவின் கதை’. இந்தத் திலீப்குமார் கோவையில் பிறந்த, குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட தமிழ் எழுத்தாளர். ‘ஆசாத்’ திலீப் குமாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ராட்டர்டாம்காரர்கள் பார்த்த கோவையைக் கோவைத் தியேட்டர்ப் போஸ்டரில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. நம்மூர்க் கடைவீதியில் வேலை செய்கிறவர்கள் இதைப் பெரிய திரையில் பார்த்துவிட்டு என்ன சொல்வார்கள் என்று கேட்க எனக்கு உண்மையிலேயே ஆசை.

மூன்றாவது ‘சேத்துமான்’. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதை, வசனமும் அவரே, இயக்குநரின் பெயர் தமிழ். தாத்தாவும் பேரனும், பன்றிக் கறிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரியும் பண்ணையாரும், கூறு போடுவதில் வரும் சண்டையும். கொங்குப் பேச்சை கோமாளிக்கு மட்டும் கொடுத்து வைத்திருந்த தமிழ் சினிமாவில், அந்தப் பேச்சிலேயே சாதியையும் பசியையும் சொன்ன படம். 2022 மே மாதம் நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. பேச்சு வழக்கு தெரியாத ஊர்க்காரரெல்லாம் சப்டைட்டில் போட்டுப் பார்த்த படத்தை, ஒரு சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படாத ஜனங்கள் கூடி உட்கார்ந்து பார்க்கவில்லை. எனக்கு இது பெரிய குறை.

நாலாவது வாரத்தை மாலையில் வைக்க மாட்டேன். மத்தியானம் இரண்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. 2022-ல் பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் காட்டத் தொடங்கியது. கரும்பலகைக்கு மேலே வெள்ளைத் துணி கட்டிப் பார்த்த பிள்ளைகளைத் தியேட்டருக்கே கூட்டிவரலாம். மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ போடலாம். அண்ணனும் தங்கச்சியும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடும் கதைக்கு முன்னுரை வேண்டியதில்லை.

காரமடைக் கோயிலின் மாசித் தேர் வரும் மாதத்தில் இந்தத் திட்டமெல்லாம் செல்லாது என்பதும் தெரியும். பந்த சேவைக்கும் தண்ணீர் சேவைக்கும் தாசர்கள் ஊர் ஊராக வந்து இறங்கும் வாரத்தில் யார் தியேட்டருக்குள் போவார்கள்? அந்த மாதம் விடுமுறை.

இந்த மாதிரிப் படங்களை தியேட்டருக்குக் கொண்டுவர வேண்டுமா என்ற கேள்வி திரைத்துறைக்குள்ளேயே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ‘கொட்டுக்காளி’ வந்தபோது, இதைத் திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது என்ற பொருளில் இயக்குநர் அமீர் பேசியது விவாதமானது. கேவலப்படுத்த அவர் அப்படிச் சொல்லவில்லை. வாரத்துக்கு 28 காட்சி ஓட்டியாக வேண்டிய வியாபாரச் சந்தையில் அப்படிப்பட்ட படத்தைத் தள்ளி அடிவாங்க வைக்க வேண்டாம் என்ற அக்கறை அது. என் பதில்: 28 காட்சி வேண்டாம், ஒன்று போதும். ஒரு காட்சிக்கு 150 பேர் வந்தால் அது வெற்றி.

பிரான்சில் இதை அரசாங்கமே ஏற்பாடாகச் செய்துவைத்திருக்கிறது. அங்கே விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் தேசியத் திரைப்பட மையத்துக்குப் போகிறது. அதிலிருந்து, கலைப் படங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையிடும் தியேட்டர்களுக்கு உதவித்தொகை வருகிறது. ‘அவெஞ்சர்ஸ்’ டிக்கெட் காசில் ஒரு பங்கு மலைக் கிராமத்து ஒற்றைத் திரையைக் காப்பாற்றுகிறது. கேரளத்தில் அரசே திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று தியேட்டர் நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2014-ல் சென்னை மாநகராட்சி ‘அம்மா தியேட்டர்’ அறிவித்தது. அறிவிப்போடு சரி. உணவகம் வந்தது, தியேட்டர் வரவில்லை.

ஆகவே அரசு தியேட்டர் கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2017-ம் வருஷச் சட்டப்படி கேளிக்கை வரி உள்ளாட்சி அமைப்புக்கே போகிறது. தமிழ்ப் படங்களுக்கு அதை 2025-ல் 8-லிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். காரமடை இப்போது நகராட்சி. செவ்வாய்க்கிழமை ஒரு காட்சிக்கான வரியை நகராட்சிகள் விட்டுக்கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது. டிக்கெட்டை நூறு ரூபாய்க்குள் வைத்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், 2025 செப்டம்பருக்கு முன்பு 12 இருந்தது. மிச்சம் கரண்டு, ஆப்பரேட்டர் சம்பளம், படத்தின் உரிமைத் தொகை. பெரிய படம் ஓடும் வாரத்தில் ஒரு காட்சியை விலக்கிக்கொள்ள விநியோகஸ்தர் சம்மதிக்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே, ‘செவ்வாய் முதல் ஆட்டம் நீங்கலாக’ என்று எழுதிவிட்டால் அப்புறம் தகராறு இல்லை. சங்கமாகப் பேசினால் நடக்கும். எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடியில் விட வேண்டும் என்று வருஷக்கணக்காகப் போராடும் தியேட்டர் சங்கத்துக்கு இதைக் கேட்பது பெரிய காரியமில்லை.

வெளிநாட்டுப் படம் என்றால் இரண்டு முடிச்சு இருக்கிறது. உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டும் கழகத்துக்கு உள்ள சலுகை டிக்கெட் விற்கும் தியேட்டருக்கு இல்லை. தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். அதனால் ஏற்கெனவே இந்தியாவில் சான்றிதழ் பெற்ற படமாகப் பார்த்து எடுக்க வேண்டும். இரண்டாவது தமிழ் சப்டைட்டில். இதற்குத்தான் ஆள் வேண்டும், காசும் ஆகும். ஆனால் கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் இல்லாத கலைக் கல்லூரி அபூர்வம். பிள்ளைகள் வருஷா வருஷம் ப்ராஜெக்ட் என்று யாரும் பார்க்காத குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உரிமைக்காரரின் அனுமதியோடு ஒரு வகுப்புக்கு ஒரு படம் என்று சப்டைட்டில் வேலையைக் கொடுத்தால், தமிழ்த் துறை வாத்தியார் ஒருவர் உட்கார்ந்து திருத்தினால், ஒரு செமஸ்டருக்குள் நாலு படம் தயாராகிவிடும். மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ளலாம்.